மறதி வரும் வழி தெரிகிறது

பெரியம்மாவுக்கு என் பெயர் மறந்துபோன பிறகும் பூக் கட்டுவது மறக்கவில்லை. திண்ணையில் உட்காரவைத்து, உதிரி மல்லிகையை முறத்தில் கொட்டி, நனைத்த வாழைநாரைக் கையில் கொடுத்தால் போதும். இரண்டு பூ இப்பக்கம், இரண்டு பூ அப்பக்கம், ஒரு சுற்று, ஒரு முடிச்சு என்று விரல்கள் தாமாக ஓடும். கட்டி முடித்த சரத்தை யார் தலையில் வைப்பது என்றுதான் தெரியாமல் விழிப்பார். எதிரில் நிற்பவள் தான் பெற்ற மகள் என்பது அவருக்குத் தெரியாது.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே அடையாளம் தெரிந்தது. நாள்காட்டித் தாளில் பால் கணக்கு எழுதுவது அவர் வழக்கம். ஒரு மாதம் ஒரே நாளுக்கு இரண்டு முறை எழுதியிருந்தார். அடுத்த மாதம் பத்து நாள் எழுதவே இல்லை. நாங்கள் சிரித்தோம். அழைத்துப்போய்க் காட்டிய இடத்தில் மருத்துவரும், "வயசாயிடுச்சு இல்லையா, அப்படித்தான் இருக்கும்" என்றார். அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே வாக்கியத்தை எங்கள் வீட்டில் எல்லோரும் சொன்னோம். தமிழ் பேசும் வீடுகளில் அது சொல்லப்படாத வீடு அரிது.

அந்த வாக்கியம் இனி செல்லாது. அல்சைமர் நோயில் மறதி ஒரே நாளில் வந்து கவிழ்வதில்லை. மூளையின் ஓர் ஓரத்தில் தொடங்குகிறது, நரம்புகள் போட்டு வைத்த தடத்தில் நகர்கிறது, ஊர் முழுக்கப் பரவப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. அந்தத் தடத்தில் நடப்பது டௌ என்ற புரதம். அதன் நடையை ஆய்வாளர்கள் படிப்படியாகக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்ட பிறகு, வீடும் ஊரும் அரசும் என்ன செய்யப்போகின்றன என்பதே இப்போதைய கேள்வி.

கீரை என்று சொன்ன பெண்

1901 நவம்பரில் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகர மனநல மருத்துவமனையில், அவுகுஸ்டே டேட்டர் என்ற 51 வயதுப் பெண்ணிடம் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் பேச்சுக் கொடுத்தார். மதிய உணவுக்கு அந்தப் பெண் காலிபிளவரும் பன்றி இறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்குக் கீரை என்றார். கணவர் பெயரைக் கேட்டதற்குத் தன் பெயரையே சொன்னார். 1906 ஏப்ரலில் அவர் இறந்த பிறகு, மூளையை மெல்லிய சீவல்களாக்கி வெள்ளிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தார் அல்சைமர். நரம்புச் செல்களுக்கு வெளியே படிவுகள். செல்களுக்கு உள்ளே சிக்குப் பிடித்த நூற்கற்றைகள். கண்டதை அந்த ஆண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் கூடிய மருத்துவர்களிடம் சொன்னார்.

வெளியே கிடந்த படிவு அமிலாய்டு என்ற புரதம். உள்ளே கிடந்த சிக்கு எதனால் ஆனது என்று தெரிய ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் ஆயின. 1975இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டௌ கண்டறியப்பட்டபோது, அது நல்ல வேலை செய்யும் புரதமாகத்தான் அறிமுகமானது. நரம்புச் செல்லின் நீண்ட கிளைக்குள் சரக்கு போய்வர நுண்குழாய்கள் இருக்கின்றன. பந்தல் மூங்கிலைக் கயிறு இறுக்கிப் பிடிப்பதுபோல அந்தக் குழாய்களை டௌ பிடித்துக்கொள்கிறது. அதன்மீது பாஸ்பேட் அளவுக்கு மீறி ஒட்டிக்கொண்டால் பிடி நழுவுகிறது. நழுவிய டௌக்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. பந்தலும் தளர்கிறது, அவிழ்ந்த கயிறும் காலில் சிக்குகிறது. அல்சைமர் கண்ட சிக்கு இதுதான் என்று 1980களின் நடுவில் பல ஆய்வகங்கள் காட்டின.

1991இல் அதே பிராங்க்ஃபர்ட் நகரில் ஹைக்கோ பிராக், ஏவா பிராக் தம்பதி, இறந்தவர்கள் 83 பேரின் மூளைகளை வரிசையாக ஆராய்ந்து ஓர் ஒழுங்கைக் கண்டார்கள். டௌ சிக்கு கண்ட இடத்தில் எல்லாம் முளைப்பதில்லை. மூளையின் மேலடுக்கான புறணியில் அது முதலில் தெரிவது, காதுக்கு மேலே, மூளையின் உட்புற ஓரத்தில் உள்ள என்டோரைனல் பகுதியில்தான். அனுபவங்கள் நினைவாவதற்காக நுழையும் வாசல் அது. அடுத்து, புதிய நினைவுகளைப் பதிந்து வைக்கும் ஹிப்போகாம்பஸ். பிறகு மொழியையும் வழி அறிதலையும் திட்டமிடுதலையும் கவனிக்கும் பரந்த புறணி. கைகால்களை அசைக்க ஆணையிடும் பகுதிக்கு அது கடைசியில்தான் போய்ச் சேர்கிறது. ஆறு படிகளாக அவர்கள் வகுத்த இந்த வரிசை இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது.

பெரியம்மா முதலில் காலையில் சாப்பிட்டதை இழந்தார். பிறகு குளத்தங்கரைத் தெருவை இழந்தார். பிறகு எங்கள் பெயர்களை. பூக் கட்டும் விரல்களை மட்டும் நெடுநாள் வைத்திருந்தார். இந்த வரிசையைப் படித்த அன்றுதான் அவருக்கு நடந்தது எனக்கு விளங்கியது. எல்லோருக்கும் அச்சு அசலாக இதே வழி என்றும் இல்லை. 1,612 பேரின் டௌ ஸ்கேன் படங்களை வைத்து 2021இல் வெளியான ஆய்வு, டௌ பரவும் நான்கு வகைப் பாதைகளைப் பிரித்துக் காட்டியது. சிலருக்கு மறதிக்கு முன்பே பேச்சு தடுமாறுகிறது, சிலருக்குப் பார்வை புரிபடாமல் போகிறது.

உறைமோர் போல

ஓர் ஓரத்தில் இருந்தது எப்படி ஊர் முழுக்கப் போகிறது? ஆறவைத்த பாலில் ஒரு கரண்டி உறைமோர் விட்டால் விடிவதற்குள் பானை முழுவதும் தயிராகிவிடுகிறது அல்லவா, கிட்டத்தட்ட அப்படி. தவறாக மடிந்த டௌ, பக்கத்தில் இருக்கும் நல்ல டௌவையும் தன் உருவத்துக்கு மடித்துவிடுகிறது. உறைமோரில் நுண்ணுயிர் உண்டு, இங்கே உயிர் எதுவும் இல்லை. உருவம் மட்டுமே உருவத்தை உண்டாக்குகிறது.

2009இல் சுவிட்சர்லாந்தின் பேசல், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் சேர்ந்து இதை எலிகளில் காட்டினார்கள். சிக்குப் பிடித்த மூளைச் சாற்றைச் சிக்கில்லாத எலிகளின் மூளையில் செலுத்தியபோது, செலுத்திய இடத்தில் சிக்கு உண்டாகி, மாதங்கள் போகப்போக மற்ற பகுதிகளுக்கும் பரவியது. சாற்றிலிருந்து டௌவை நீக்கிவிட்டுச் செலுத்தியபோது பரவவில்லை. 2012இல் நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் இரு குழுக்கள், என்டோரைனல் பகுதியில் மட்டும் மனித டௌ உண்டாகும்படி எலிகளை வளர்த்தன. வயதாக ஆக, அந்தப் பகுதியோடு நரம்பிணைப்பு உள்ள வேறு பகுதிகளிலும் அந்த டௌ தென்பட்டது. அருகில் கிடப்பதால் மட்டும் ஒரு செல்லுக்கு இது போவதில்லை, பேசிக்கொள்ளும் செல்லுக்குப் போகிறது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பரவுதல் என்ற சொல்லைக் கேட்டு யாரும் பதற வேண்டாம். இது ஒரு மூளைக்குள் நடக்கும் பரவல். மறதி நோய் உள்ளவரைத் தொட்டாலோ, குளிப்பாட்டினாலோ, அவர் தட்டில் சாப்பிட்டாலோ, பக்கத்தில் படுத்தாலோ நோய் ஒட்டாது. ஏற்கெனவே ஒதுக்கி வைக்கப்படும் முதியவர்களை மேலும் ஒதுக்க அறிவியலின் ஒரு சொல் காரணமாகிவிடக் கூடாது.

அமிலாய்டு, டௌ இரண்டில் எது நினைவைக் கூடுதலாகப் பறிக்கிறது என்பதற்கு ஒரு பெண்ணின் வாழ்க்கை சான்றாகிவிட்டது. கொலம்பியாவின் அந்தியோக்கியா வட்டாரத்தில் பரம்பரையாக அல்சைமர் தாக்கும் பெருங்குடும்பம் ஒன்று உண்டு. அந்த மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு நாற்பதுகளிலேயே நினைவு தடுமாறும். அலிரியா பியத்ராயிதா என்ற பெண்மணிக்கும் அதே மாற்றம் இருந்தது, ஆனால் எழுபது வயது கடக்கும்வரை அவர் நினைவு பெரிதும் தப்பியது. ஸ்கேனில் அவர் மூளை நிறைய அமிலாய்டு, டௌவோ மிகக் குறைவு. கிறைஸ்ட்சர்ச் எனப்படும் இன்னோர் அரிய மரபணு மாற்றம் அவரைக் காத்திருக்கலாம் என்று 2019இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். மறுஆண்டு அவர் இறந்தபோது மூளை ஆராய்ச்சிக்குத் தரப்பட்டது. டௌ பரவாமல் நின்றால் மனிதர் நிற்பார் என்ற நம்பிக்கைக்கு இன்றுவரை அவர் ஒரு பெரிய ஆதாரம்.

கையில் இருக்கும் காலம்

பரம்பரை அல்சைமர் குடும்பங்களை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு, அறிகுறி வரும் என்று கணிக்கப்பட்ட வயதுக்கு 15 ஆண்டுகள் முன்பே தண்டுவடத் திரவத்தில் டௌ கூடுவதைக் கண்டது. மனித மூளைப் புறணியில் டௌ விதைகள், அதாவது நல்ல டௌவையும் தன் உருவத்துக்கு மடிக்கும் டௌ, இரட்டிப்பாக ஏறத்தாழ 5 ஆண்டுகள் ஆகின்றன என்று 2021இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நோய் முற்றும் கட்டத்தில் இடம்விட்டு இடம் பரவுவதைவிட அந்தந்த இடத்தில் பெருகுவதே முக்கியம் என்பது அவர்கள் கருத்து. பரவலா, பெருக்கமா என்ற வாதம் ஆய்வகங்களில் தொடர்கிறது. இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்வது, இது மெதுவாக நடக்கிறது என்பதைத்தான். நமக்குக் காலம் இருக்கிறது.

மருந்து வந்துவிடும், அதுவரை காத்திருக்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் உள்ளதைச் சொல்ல வேண்டும். செல்லுக்கும் செல்லுக்கும் இடையே டௌவைப் பிடித்து அகற்ற உருவாக்கிய கோசுரனெமாப், டிலாவோனெமாப் ஆகிய எதிர்ப்புரத மருந்துகள் நோயாளிகளிடம் நடந்த சோதனையில் பலன் தரவில்லை. டௌ உற்பத்தியையே குறைக்கும் இன்னொரு வகை மருந்து, முதற்கட்டச் சோதனையில் தண்டுவடத் திரவ டௌவைச் சுமார் பாதியாகக் குறைத்தது. அது நினைவைக் காக்குமா என்பது அடுத்த கட்டச் சோதனைகளில் தெரிய வேண்டும். 2024இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டோனனெமாப், அமிலாய்டை அகற்றும் மருந்து. அதன் சோதனையில், மூளையில் டௌ குறைவாகவோ நடுத்தரமாகவோ இருந்தவர்களுக்கு நோயின் வேகம் சுமார் 35 விழுக்காடு தணிந்தது. டௌ மிகுந்தவர்களையும் சேர்த்துப் பார்த்தபோது பலன் சுருங்கியது. மூளை வீக்கம், ரத்தக்கசிவு ஆகிய பக்கவிளைவுகளும் உண்டு. எந்த மருந்தானாலும் முந்தி வந்தவர்களுக்குத்தான் கூடுதலாக உதவும் என்பதை இந்தச் சோதனை உணர்த்துகிறது. நாமோ பிந்தி வருவதையே பழக்கமாக வைத்திருக்கிறோம்.

மருந்து இல்லாமலும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் 2024 அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டு, அவற்றைச் சரிசெய்தால் உலகில் டிமென்ஷியா எனப்படும் மறதி நோய்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்றது. படிப்பின்மை, காது மந்தம், பார்வைக் குறைவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, உடல் பருமன், உடலுழைப்பின்மை, புகை, மது, மனச்சோர்வு, தனிமை, தலைக்காயம், காற்று மாசு. இவை எல்லாமே டௌ வழியாகத்தான் மூளையைத் தாக்குகின்றன என்று சொல்ல முடியாது. சில ரத்தக் குழாய்களைக் கெடுக்கின்றன, சில மூளையின் தாங்கும் வலுவைக் குறைக்கின்றன. ஆனால் இந்தப் பட்டியலில் தனி மனிதர் மட்டும் முயன்று சரிசெய்யக்கூடியவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட பெண் தானே போய்ப் படித்துவிட முடியாது. காற்றை யாரும் வீட்டுக்குள் மட்டும் சுத்தம் செய்துகொள்ள முடியாது.

இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியாவோடு வாழ்கிறார்கள் என்று 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. பெண்களிடமும் படிக்காதவர்களிடமும் கிராமங்களிலும் விகிதம் கூடுதல். டிமென்ஷியா உள்ளவர்களில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் பத்து விழுக்காடோ அதற்கும் குறைவோதான் அந்த நாடுகளைப் பற்றியது என்ற நியாயமின்மையைச் சுட்டிக்காட்டவே, 10/66 என்று பெயர் வைத்துக்கொண்டு ஓர் ஆய்வுக் குழு புறப்பட்டது. சென்னை நகரிலும் வேலூர்க் கிராமங்களிலும் வீடு வீடாகப் போய் அது ஆய்வு செய்தது. ஆகவே இது எங்கோ ஜெர்மனியில் நடந்த கதையென்று நாம் தள்ளி நிற்க முடியாது.

யார் என்ன செய்யலாம்

யாரையும் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. ஆளுக்கொரு பங்கு இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளவே கேட்கிறேன்.

அரசிடம் கேட்பது புதுக் கட்டடம் அல்ல. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலர்களான பெண்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளைத் தருகிறார்கள். மறதியைத் தள்ளிப்போடும் வேலையில் ஒரு பங்கை அவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் கையில் காது, கண், நினைவு பற்றிய நாலைந்து எளிய கேள்விகளையும் கொடுக்கலாம். சந்தேகம் வந்தால் அனுப்பிவைக்க ஒவ்வொரு மாவட்ட அரசு மருத்துவமனையிலும் வாரத்தில் ஒரு நாள் நினைவுச் சிகிச்சைக்கென்று இருக்கட்டும். கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊதியமும் பயிற்சியும் தருவது நியாயம்.

மருத்துவர்களிடம் கேட்பது, "வயசாயிடுச்சு" என்ற சொல்லை நோய்க்கணிப்பாக எழுதாதீர்கள் என்பதை. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் விளைவு ஆகியவையும் மறதியாகத் தோன்றும், அவற்றைச் சரிசெய்ய முடியும். பி-டௌ217 என்ற டௌ வகையை அளவிடும் ரத்தப் பரிசோதனை ஒன்றுக்கு 2025 மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்தது. அறிகுறி உள்ள, 55 வயது கடந்தவர்களுக்கான பரிசோதனை அது. அறிகுறியே இல்லாதவர்களைப் பயமுறுத்திப் பரிசோதனை விற்கும் கடைச்சரக்காக அது இங்கே மாறாமல் பார்த்துக்கொள்வது மருத்துவச் சமூகத்தின் பொறுப்பு.

வீட்டாரிடம் கேட்பது, கவனிப்பவரைக் கவனியுங்கள் என்பதை. பெரியம்மாவை ஆறு ஆண்டுகள் பார்த்துக்கொண்டவர் அவருடைய மகள், எங்கள் அக்கா. இரவில் மூன்று முறை எழுந்து கதவைப் பார்ப்பார். அண்ணன்மார் பணம் அனுப்பினார்கள், நாங்கள் பழம் வாங்கிப்போனோம். "நீ ரெண்டு நாள் எங்கயாவது போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்று எங்களில் ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை. அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். உறவினர் முறை வைத்துக்கொள்ளலாம். தெருவுக்கு ஒரு பகல்நேரப் பராமரிப்பு இடத்தை ஊராட்சியோ கோயிலோ தேவாலயமோ பள்ளிவாசலோ குடியிருப்புச் சங்கமோ தொடங்கலாம். நான்கு முதியவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பூக் கட்ட ஒரு திண்ணை போதும். தனிமையும் அந்தப் பட்டியலில் ஒன்று என்பதை மறக்க வேண்டாம்.

இளைஞர்களிடம் கேட்பது தலைக்கவசம். குத்துச்சண்டை வீரர்களையும் அமெரிக்கக் கால்பந்து வீரர்களையும் தாக்கும் மூளை நோய் ஒன்றில், திரும்பத் திரும்பப் படும் அடியால் டௌ சிக்குகள் உண்டாவதை மருத்துவம் பதிவு செய்திருக்கிறது. தூக்கத்தையும் அலட்சியம் செய்ய வேண்டாம். தூக்கம் கெட்டால் தண்டுவடத் திரவத்தில் டௌ கூடுவதை மனிதர்களிடமும், பரவல் விரைவதை எலிகளிடமும் 2019இல் வெளியான ஆய்வு கண்டது.

எல்லோரிடமும் கேட்பது இன்னொன்று உண்டு. டௌ பற்றி இன்று தெரிந்ததில் பெரும்பகுதி, இறந்த பின் மூளையைத் தந்தவர்களால் தெரிந்தது. அமெரிக்காவில் 1986இல் தொடங்கிய ஆய்வொன்றில் 678 கன்னியாஸ்திரிகள் தங்கள் மூளைகளைத் தர முன்வந்தார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸில் 1995 முதல் மூளை வங்கி இருக்கிறது. உறுப்புதானம் செய்வோருக்கு 2023 முதல் அரசு மரியாதை செய்யும் மாநிலம் தமிழ்நாடு. அந்த மனம் ஆராய்ச்சிக்கு மூளையைத் தருவதற்கும் விரியட்டும். நம் மண்ணில் வாழ்ந்து, நம் உணவை உண்டு, நம் மொழியைப் பேசிய மூளைகளில் டௌ எப்படி நடக்கிறது என்பதை வேறு நாட்டு மூளைகளைப் பார்த்து மட்டும் அறிந்துவிட முடியாது. பெரியம்மா இறந்தபோது இது எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அக்காவுக்கு இப்போது 58 வயது. மாதம் ஒருமுறை ஒரு தன்னார்வலர் அவர் வீட்டுக்கு வந்து ரத்த அழுத்த மாத்திரை கொடுத்து, கையெழுத்து வாங்கிப் போகிறார். அடுத்த முறை வரும்போது அவர் திண்ணையில் ஐந்து நிமிடம் கூடுதலாக உட்கார்ந்து, காது நன்றாகக் கேட்கிறதா அக்கா, ராத்திரி தூக்கம் வருகிறதா, பால் கணக்கு தப்புகிறதா என்று கேட்க வேண்டும். கேட்டதை எழுதிக்கொள்ள ஒரு தாளும், எழுதியதைப் படிக்க ஒரு மருத்துவரும், படித்ததற்குப் பதில் சொல்ல ஓர் அரசும் இருக்க வேண்டும்.